பால்வீதியின் மூத்த குடிகள்

மே மாத நடுவில், இரவு பத்து மணி வாக்கில், நேர் தெற்கே திரும்பி நின்று பாருங்கள். அடிவானத்துக்கும் தலை உச்சிக்கும் இடையே மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் மங்கலான ஓர் ஒளிப்பொட்டு தெரியும். சென்னையில் அதன் உயரம் 29 பாகை, கன்னியாகுமரியில் 34 பாகை. அதற்குக் கீழே இடப்பக்கம் ஆல்பா சென்டாரி, பீட்டா சென்டாரி என்ற பளிச்சென்ற இரு விண்மீன்கள் இருக்கும். கீழே வலப்பக்கம் தென்சிலுவை. நகரத்து விளக்கொளியில் இந்தப் பொட்டு கரைந்துபோய்விடும். தெருவிளக்கு எட்டாத மலையடிவாரமோ கடலோரமோ வேண்டும். வெறும் கண்ணுக்கு அது விண்மீன் போலத்தான் இருக்கும், ஆனால் ஓரம் சற்றுப் பிசிறடித்திருக்கும். பைனாகுலரில் பஞ்சு உருண்டையாகத் தெரியும். ஆறு அங்குலத் தொலைநோக்கி கிடைத்துவிட்டால் அந்த உருண்டை பொடிப்பொடியாக உதிர்ந்து, எண்ண முடியாத ஒளித்துகள்களாகக் கண்முன் விரியும்.

அதன் பெயர் ஒமேகா சென்டாரி. 150 ஒளியாண்டு அகலமுள்ள ஓர் உருண்டைக்குள் ஏறக்குறைய ஒரு கோடி விண்மீன்கள் அங்கே அடைந்து கிடக்கின்றன. நமக்கும் அதற்கும் இடையே 17,000 ஒளியாண்டுத் தொலைவு. இன்றிரவு நம் கண்ணில் படும் வெளிச்சம் அங்கிருந்து கிளம்பியபோது பூமியில் பனியுகம் இன்னும் முடியவில்லை. மனிதர் எவரும் நெல்லோ கோதுமையோ விதைத்திருக்கவில்லை. ஆனால் அந்த விண்மீன்களின் வயதோடு பார்த்தால் 17,000 ஆண்டு ஒரு கணக்கே இல்லை. அவற்றில் பெரும்பாலானவை 1,000 கோடி ஆண்டுகளைத் தாண்டியவை. சூரியனுக்கு வயது 460 கோடிதான்.

இத்தகைய உருண்டைகளைக் கோளக் கொத்துகள் என்கிறோம். நம் பால்வீதியைச் சுற்றி இதுவரை 150-க்கும் மேற்பட்டவை அறியப்பட்டிருக்கின்றன. பக்கத்து ஆண்ட்ரோமெடா மண்டலத்தில் சுமார் 500 உண்டு. கன்னி ராசித் திசையில் உள்ள எம்87 என்ற ராட்சத மண்டலத்தில் பத்தாயிரத்துக்கும் மேல். பெரிய மண்டலம் எதை எடுத்துக்கொண்டாலும் அதைச் சுற்றி இவை இருக்கின்றன. மண்டலங்கள் உருவாகிக்கொண்டிருந்த காலத்திலேயே பிறந்து, இன்றும் அந்தப் பழைய காலத்தின் தடயங்களைச் சுமந்து சுற்றிக்கொண்டிருப்பவை என்பதுதான் இவற்றின் சிறப்பு. பிரபஞ்சத்தில் நம் இடம் எது, பிரபஞ்சத்தின் வயது என்ன என்ற இரு பெரிய கேள்விகளிலும் நம் கணக்கைத் திருத்தியதில் இந்தக் கொத்துகளுக்குப் பெரும் பங்கு உண்டு. வானியலில் இவற்றுக்குக் கிடைக்க வேண்டிய மரியாதை பொதுவாசகரிடம் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். கருந்துளைக்குக் கிடைத்த புகழில் பத்தில் ஒரு பங்குகூட இவற்றுக்குக் கிடைக்கவில்லை.

ஒமேகா சென்டாரியை அலெக்சாண்டிரியாவின் தாலமி சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன் விண்மீனாகவே பட்டியலிட்டார். 1603-ல் தன் வான வரைபடத்தில் அதற்கு ஒமேகா என்ற கிரேக்க எழுத்தைச் சூட்டிய யோகான் பேயரும் அதை விண்மீன் என்றே நினைத்தார். லண்டனிலிருந்தோ பாரிஸிலிருந்தோ பார்த்தால் அது அடிவானத்துக்கு மேல் எழுவதே இல்லை. எனவே அங்குள்ள வானியலாளர் அதைப் பார்க்கத் தெற்கே பயணித்துத்தான் ஆகவேண்டும். 1677-ல் இருபது வயது எட்மண்ட் ஹாலி தென் அட்லாண்டிக்கின் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து தென்வானத்தை அளந்தபோதுதான், இது விண்மீன் இல்லை, மேகம் போன்ற ஏதோ ஒன்று என்று கண்டார். வால்மீனுக்குப் பெயர் தந்த அதே ஹாலிதான். தனுசு ராசியில் உள்ள எம்22 என்ற கொத்தை அதற்கு முன்பே, 1665-ல், ஜெர்மானியரான ஆபிரகாம் ஈலே பார்த்திருந்தார். அவருக்கும் அது ஒரு மேகப்பொட்டுதான். வால்மீன் தேடுபவர்களுக்கு உதவியாகப் பட்டியல் போட்ட சார்ல் மெஸ்ஸியே இத்தகைய பொட்டுகளை ஒவ்வொன்றாகக் குறித்துவைத்தார். அவற்றில் எம்4 ஒன்றைத்தான் அவரால் தனித்தனி விண்மீன்களாகப் பிரித்துப் பார்க்க முடிந்தது. ஹெர்குலிஸ் விண்மீன் குழுவில் உள்ள புகழ்பெற்ற எம்13-இல் விண்மீனே கிடையாது என்று எழுதிவைத்தார். பிறகு வில்லியம் ஹெர்ஷல் தன் பெரிய ஆடிகளோடு வந்தார். மேகம் என்று நினைத்தவை ஒவ்வொன்றாக விண்மீன்களாக உதிர்ந்தன.

நம் இடம் எது என்ற கேள்விக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை சூரியன் பால்வீதியின் நடுவில், அல்லது நடுவுக்கு மிக அருகில் இருப்பதாகத்தான் வானியலாளர் நம்பினார்கள். நம்பிக்கைக்கு ஆதாரமும் இருந்தது. பால்வீதிப் பட்டையில் எந்தப் பக்கம் எண்ணினாலும் விண்மீன்கள் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்துகொண்டே போயின. மார்கழிப் பனிமூட்டத்தில் வயல்வெளியில் நிற்பவருக்கும் இப்படித்தான் தோன்றும். எல்லாத் திசையிலும் நூறடிதான் தெரியும், எனவே தான் நிற்கும் இடம்தான் நடு என்று படும். ஆனால் அவர் அண்ணாந்து பார்த்து, பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கோபுர உச்சியும் பனைமரத் தலைகளும் எல்லாம் ஒரே பக்கமாகக் குவிந்திருப்பதைக் கண்டால், ஊர் எந்தப் பக்கம் இருக்கிறது, தான் எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம்.

பால்வீதியின் தட்டில் விண்மீன்களுக்கு இடையே பரவியிருக்கும் தூசுதான் அந்தப் பனிமூட்டம். தட்டுக்கு மேலும் கீழும் தொலைவில் சுற்றும் கோளக் கொத்துகள் அந்தத் தூசுக்கு வெளியே நிற்கின்றன. அண்ணாந்து பார்த்தவர் ஹார்லோ ஷாப்லி. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துப் பண்ணை வீட்டுப் பிள்ளை, கொஞ்ச காலம் செய்தித்தாள் நிருபர். 1914-ல் கலிஃபோர்னியாவின் மவுன்ட் வில்சன் ஆய்வகத்தில் சேர்ந்து, அங்கிருந்த 60 அங்குலத் தொலைநோக்கியைக் கோளக் கொத்துகளின் பக்கம் திருப்பினார். மனைவி மார்த்தாவும் கணக்குகளில் உடன் உழைத்தார். பகலில் வேலை இல்லாத நேரத்தில் ஆய்வகத்துச் சுவரோரம் ஓடும் எறும்புகளின் வேகத்தை அளந்துகொண்டிருந்தவர் ஷாப்லி. வெப்பம் ஏற ஏற எறும்பு எவ்வளவு வேகமாக ஓடும் என்பதைக் கட்டுரையாகவே வெளியிட்டார். அளக்கக்கூடியது எதுவாக இருந்தாலும் அளந்தே தீரவேண்டும் என்ற குணம் அது.

கொத்துகளின் தொலைவை அளக்க அவருக்குக் கிடைத்த கருவி ஒரு வகை ஒளிமாறும் விண்மீன். ஹார்வர்டின் தென்வான நிலையம் அப்போது பெருவின் அரெகிப்பாவில் இருந்தது. அங்கே சோலன் பெய்லி எடுத்த ஒளிப்படத் தட்டுகளில், கோளக் கொத்துகளுக்குள் சில விண்மீன்கள் ஒரு நாளுக்கும் குறைவான காலத்தில் கூடிக் குறைந்து மினுக்குவது தெரிந்தது. ஒமேகா சென்டாரியில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவை. இன்று இவற்றை ஆர்ஆர் லைரே விண்மீன்கள் என்கிறோம். இவை எல்லாவற்றுக்கும் உண்மையான பிரகாசம் ஏறத்தாழ ஒன்றே, சூரியனைப் போல் நாற்பது ஐம்பது மடங்கு. ஒரே திறனுள்ள விளக்கு மங்கலாகத் தெரிந்தால் அது தள்ளியிருக்கிறது என்று பொருள், எவ்வளவு மங்கல் என்பதிலிருந்து எவ்வளவு தள்ளி என்பது வந்துவிடும். செஃபீட் என்ற இன்னொரு வகை ஒளிமாறும் விண்மீன்களில் துடிப்புக் காலத்துக்கும் பிரகாசத்துக்கும் உறவு உண்டு என்று ஹார்வர்டில் ஹென்ரியேட்டா லீவிட் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார். அந்த அடித்தளத்தின் மேல்தான் ஷாப்லி ஏறி நின்றார். துடிக்கும் விண்மீன் தெரியாத கொத்துகளில் மிகப் பிரகாசமான விண்மீன்களைக் கொண்டும், அதுவும் முடியாதபோது கொத்தின் மொத்த அளவைக் கொண்டும் தொலைவை மதிப்பிட்டார். இப்படி 69 கொத்துகள்.

வரைந்து பார்த்தபோது அவை சூரியனைச் சுற்றிப் பரவியிருக்கவில்லை. தனுசு ராசியின் திசையில், நம் மரபு சொல்லும் மூலம், பூராடம் நட்சத்திரங்களை ஒட்டிய வானத்தில், வெகு தொலைவில் உள்ள ஒரு புள்ளியைச் சுற்றிப் பரவியிருந்தன. அவ்வளவு பெரிய கூட்டம் வெற்றிடத்தைச் சுற்றாது. அந்தப் புள்ளிதான் பால்வீதியின் நடு, சூரியன் ஓர் ஓரத்தில் இருக்கிறது என்று ஷாப்லி 1918-ல் அறிவித்தார். நடுப்புள்ளி 65,000 ஒளியாண்டுத் தொலைவில் இருப்பதாக அவர் கணக்கிட்டது உண்மையைவிட இரண்டு மடங்குக்கும் மேல். தூசு ஒளியை மங்கச் செய்வதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. 1930-ல் ராபர்ட் டிரம்ப்ளர்தான் அந்தத் தூசின் வேலையை நிரூபித்தார். இன்றைய அளவு ஏறக்குறைய 26,000 ஒளியாண்டு. ஆனால் திசையில் ஷாப்லி துளியும் தவறவில்லை. பூமி நடுவில் இல்லை என்று கோப்பர்நிக்கஸ் சொன்னதை நாம் பள்ளியில் படிக்கிறோம். சூரியனும் நடுவில் இல்லை என்று காட்டியதை அதே பாடத்தில் அடுத்த பக்கமாகவே வைக்கவேண்டும்.

இந்தப் பணியின் தொடர்ச்சியாக ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. ஷாப்லியிடம் பயின்ற ஹெலன் சாயர் ஹாக், கோளக் கொத்துகளில் உள்ள ஒளிமாறும் விண்மீன்களைப் பட்டியலிடுவதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டார். கனடாவின் விக்டோரியா ஆய்வகத்தில் கணவருக்கு வேலை இருந்தது. இவருக்குச் சம்பளம் இல்லை. கைக்குழந்தையைக் கூடையில் படுக்கவைத்துத் தொலைநோக்கிக் கூடத்துக்குள் கொண்டுபோய், இரவெல்லாம் படமெடுத்தார். 1939-ல் அவர் வெளியிட்ட பட்டியலும் அதன் பின்வந்த திருத்தப் பதிப்புகளும் பல தலைமுறை ஆய்வாளருக்குக் கைநூலாக இருந்தன.

அடுத்தது வயது. ஒரு கொத்தின் வயதை எப்படிச் சொல்ல முடிகிறது என்பது வானியலின் மிக அழகான தர்க்கங்களில் ஒன்று. கொத்தின் விண்மீன்கள் எல்லாம் ஒரே வாயு மேகத்திலிருந்து ஏறக்குறைய ஒரே சமயத்தில் பிறந்தவை என்று வைத்துக்கொள்வோம். எடை கூடிய விண்மீன் தன் ஹைட்ரஜனை வெறிகொண்டு எரித்துச் சீக்கிரம் தீர்ந்துபோகும். எடை குறைந்தது சிக்கனமாக எரித்து நெடுங்காலம் வாழும். சூரியனைப் போல் பத்து மடங்கு எடையுள்ளது சில கோடி ஆண்டுகளில் முடிந்துவிடும். சூரியனுக்கு மொத்த ஆயுள் சுமார் 1,000 கோடி ஆண்டு. எனவே கொத்தைப் பார்த்து, அதில் இன்னும் இயல்பாக எரிந்துகொண்டிருக்கும் விண்மீன்களில் மிகக் கனமானது எது என்று கண்டுபிடித்தால் போதும். அதைவிடக் கனமானவை எல்லாம் வீங்கிச் சிவந்து, சிவப்பு ராட்சதர்களாகி, பிறகு வெள்ளைக் குள்ளர்களாகச் சுருங்கிவிட்டன. அந்த எல்லைக்கோடு எந்த எடையில் நிற்கிறதோ, அந்த எடையின் ஆயுள்தான் கொத்தின் வயது. 1950-களின் தொடக்கத்தில் ஆலன் சாண்டேஜும் உடன் உழைத்தவர்களும் எம்3, எம்92 கொத்துகளில் இந்த எல்லைக்கோட்டைத் தெளிவாகப் பிடித்தார்கள். கோளக் கொத்துகளில் அந்த எல்லை சூரியனைவிடச் சற்றே குறைந்த எடையில், ஏறக்குறைய அதன் 0.8 பங்கில் நிற்கிறது. சூரியனை ஒத்தவை எல்லாம் அங்கே தம் முறையை முடித்துக்கொண்டுவிட்டன.

விண்மீன்களின் வேதியியலும் அதையே சொல்கிறது. இரும்பு, ஆக்சிஜன் போன்ற கனமான தனிமங்கள் முன்னோர் விண்மீன்களின் வயிற்றில் சமைக்கப்பட்டு, அவை வெடித்தபோது வெளியே சிதறியவை. முன்னோர் குறைவாக இருந்த காலத்தில் பிறந்தவற்றில் இரும்பு சொற்பமாகவே இருக்கும். எம்92-இன் விண்மீன்களில் சூரியனில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்கு இரும்புகூட இல்லை.

இந்தக் கணக்கு 1990-களில் வானியலாளரைத் தூங்கவிடவில்லை. கோளக் கொத்துகளின் வயது 1,400 கோடியிலிருந்து 1,800 கோடி ஆண்டு வரை வந்துகொண்டிருந்தது. 1994-ல் வெண்டி ஃப்ரீட்மன் குழுவினர் ஹபிள் தொலைநோக்கியால் எம்100 என்ற மண்டலத்தின் தொலைவை அளந்து, பிரபஞ்சம் விரியும் வேகத்தைக் கணக்கிட்டார்கள். அதன்படி பிரபஞ்சத்தின் வயது 800 கோடிக்கும் 1,200 கோடிக்கும் இடையே வந்தது. தாயைவிடப் பிள்ளைக்கு வயது கூடுதல்! பெருவெடிப்புக் கோட்பாடே பொய்யோ என்று பத்திரிகைகள் எழுதின. அந்தச் சில ஆண்டுகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், ஒரு தரப்பு எளிதாக விட்டுக்கொடுத்திருந்தால் எவ்வளவு இழந்திருப்போம் என்றே தோன்றுகிறது. கொத்துக்காரர்கள் தம் கணக்கைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார்கள், விட்டுவிடவில்லை.

விடை இரு பக்கத்திலிருந்தும் வந்தது. ஐரோப்பாவின் ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோள் அருகிலுள்ள விண்மீன்களின் தொலைவை அதுவரை இல்லாத துல்லியத்தில் அளந்து, 1997-ல் அதன் பட்டியல் வெளியானது. அதை அளவுகோலாக வைத்துப் பார்த்தபோது கொத்துகள் நினைத்ததைவிடத் தள்ளியிருந்தன. தள்ளியிருந்தும் இவ்வளவு வெளிச்சமாகத் தெரிகின்றன என்றால் அவற்றின் விண்மீன்கள் உண்மையில் இன்னும் பிரகாசமானவை, எனவே இன்னும் கனமானவை, எனவே இன்னும் இளையவை. வயது 1,200 கோடியை ஒட்டி இறங்கியது. அடுத்த ஆண்டு, தொலைதூர சூப்பர்நோவாக்களை ஆராய்ந்த இரு குழுக்கள் பிரபஞ்சத்தின் விரிவு முடுக்கம் பெற்றுவருவதாக அறிவித்தன. முன்பு மெதுவாக விரிந்திருந்தால், இன்றைய அளவை எட்ட அதற்குக் கூடுதல் காலம் பிடித்திருக்கவேண்டும். பிரபஞ்சத்தின் வயது மேலே ஏறியது. இன்றைய கணக்கு 1,380 கோடி ஆண்டு. பிள்ளைகள் மீண்டும் தாயைவிட இளையவர்களானார்கள், மிகக் கொஞ்சமே இளையவர்கள்.

கொத்துக்குள் என்ன நடக்கிறது? சூரியனுக்கு மிக அருகில் உள்ள விண்மீன் 4.24 ஒளியாண்டு தள்ளியிருக்கிறது. அடர்ந்த கோளக் கொத்தின் நடுவில் அதே இடைவெளிக்குள் ஆயிரக்கணக்கான விண்மீன்கள் இருக்கும். அங்கே ஒரு கோள் இருந்து அதில் நாம் நின்றால், நம் வானத்தின் மிகப் பளிச்சென்ற விண்மீன்களை மிஞ்சியவை எல்லாப் பக்கமும் சிதறிக் கிடக்கும், முழு இருட்டு என்பது தெரியவே தெரியாது. அங்குள்ளவர் வெளியே இருக்கும் மற்ற மண்டலங்களைக் கண்டுபிடிக்க எவ்வளவு சிரமப்பட வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

ஆனால் அங்கே கோள்கள் இருக்கின்றனவா? 1999-ல் ஹபிள் தொலைநோக்கி, தென்வானத்தின் 47 டூகானே கொத்தில் சுமார் 34,000 விண்மீன்களை எட்டு நாளுக்கும் மேலாக விடாமல் பார்த்தது. விண்மீனின் முகத்துக்குக் குறுக்கே வியாழன் போன்ற பெருங்கோள் ஒன்று கடந்தால் வெளிச்சம் துளி குறையும். சூரியனின் சுற்றுவட்டாரத்தில் உள்ள விகிதம் அங்கும் இருந்திருந்தால் பதினைந்துக்கும் மேற்பட்ட கோள்கள் சிக்கியிருக்கவேண்டும். ஒன்றுகூடச் சிக்கவில்லை. கோள் செய்யத் தேவையான கனமான தனிமங்கள் போதாததாலா, நெரிசலில் கோள்கள் பிடுங்கப்பட்டதாலா என்ற விவாதம் நீண்டது. ஆனால் எம்4 கொத்தில் ஒன்று உண்டு. நம் கேட்டை நட்சத்திரமான அன்டாரிஸுக்கு ஒட்டினாற்போல், இரண்டரை நிலா அகலம் மேற்கே நகர்ந்தால் எம்4. சுமார் 6,000 ஒளியாண்டுத் தொலைவில், நமக்கு மிக அருகிலுள்ள கோளக் கொத்துகளில் ஒன்று. அங்கே வேகமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீனான ஒரு பல்சரும் ஒரு வெள்ளைக் குள்ளனும் ஒன்றையொன்று சுற்ற, அவ்விரண்டையும் சேர்த்து வியாழனைவிடக் கனமான ஒரு கோள் சுற்றுவது 2003-ல் உறுதிப்பட்டது. பிரபஞ்சத்தின் இளம்பருவத்திலேயே கோள்கள் பிறந்திருக்க முடியும் என்பதற்கு அது சான்று.

நெருக்கம் கூடினாலும் விண்மீன்கள் நேருக்கு நேர் மோதுவது அரிது. அவை ஒன்றையொன்று கடக்கும்போது ஈர்ப்பால் மெல்ல இழுத்துப் பாதையை மாற்றிக்கொள்கின்றன, வேகத்தைக் கொடுக்கல் வாங்கல் செய்துகொள்கின்றன. இந்தச் சின்னச் சின்ன இழுப்புகள் சேர்ந்து, விண்மீன் தன் பழைய பாதையை முற்றிலும் மறக்க எவ்வளவு காலமாகும் என்ற கணக்கைத் தெளிவாகப் போட்டவர்களில் முதன்மையானவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர். வெள்ளைக் குள்ளர்களுக்கு அவர் விதித்த எடை எல்லையை எல்லாரும் அறிவார்கள். விண்மீன் கூட்டங்களின் இயக்கம் பற்றி 1942-ல் அவர் எழுதிய நூலையும், கூட்டத்துக்குள் ஓடும் விண்மீனை ஈர்ப்பே பின்னிழுக்கும் என்று 1943-ல் காட்டிய கட்டுரைகளையும் அறிந்தவர் குறைவு. கோளக் கொத்தைப் புரிந்துகொள்ள அவை இன்றும் அடிப்படை.

இந்தக் கொடுக்கல் வாங்கலின் விளைவு வினோதமானது. கனமான விண்மீன்கள் வேகத்தை இழந்து நடுவுக்கு இறங்குகின்றன. எடை குறைந்தவை வேகம் பெற்று ஓரத்துக்கு ஏறுகின்றன, சில கொத்தைவிட்டே வெளியேறுகின்றன. நடுப்பகுதி ஆற்றலை இழக்க இழக்கச் சுருங்குகிறது, சுருங்கச் சுருங்க அங்குள்ள விண்மீன்கள் இன்னும் வேகமாக ஓடுகின்றன. ஆற்றலை வெளியே கொடுத்தால் குளிராமல் சூடேறும் பொருள் இது. நாம் தொட்டுப் பழகிய எந்தப் பொருளும் இப்படி நடந்துகொள்வதில்லை. தடுப்பார் இல்லாவிட்டால் நடுப்பகுதி குலைந்து அடர்ந்துகொண்டே போகும். பெகாசஸ் விண்மீன் குழுவின் எம்15 அப்படிக் குலைந்த கொத்து. ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன்கள் தம் சுற்றை இறுக்கிக்கொண்டு, அதில் கிடைக்கும் ஆற்றலை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்து இந்தச் சரிவைத் தடுத்து நிறுத்துகின்றன.

அந்த நெரிசல் வேறெங்கும் எளிதில் கிடைக்காதவற்றையும் உண்டாக்குகிறது. செத்துப்போன நியூட்ரான் விண்மீனுக்குப் புதிய துணை வாய்த்து, துணையின் பொருள் அதன் மேல் விழுந்து விழுந்து, அது நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை சுழலும் பல்சராக உயிர்த்தெழுகிறது. கோளக் கொத்தில் முதல் பல்சர் 1987-ல் எம்28-இல் கிடைத்தது. புனேவுக்கு அருகேயுள்ள ராட்சத மீட்டர் அலைத் தொலைநோக்கியும் என்ஜிசி 1851 கொத்தில் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறது. இன்னொரு புதிர் நீலப் பின்தங்கிகள். கொத்தின் வயதுக்கு எப்போதோ தீர்ந்திருக்கவேண்டிய நீல விண்மீன்கள் இளமையாக நின்றுகொண்டிருப்பதை 1953-ல் சாண்டேஜ் எம்3-இல் கண்டார். துணை விண்மீனின் பொருளை உறிஞ்சியோ அதோடு ஒன்றிணைந்தோ இவை எடை கூடியிருக்கவேண்டும். 2015-ல் இந்தியா ஏவிய அஸ்ட்ரோசாட்டின் புறஊதாத் தொலைநோக்கி இதில் நல்ல வேலை செய்தது. கண்ணைக் கூசவைக்கும் சிவப்பு ராட்சதர்கள் புறஊதாவில் அடங்கிப்போய், சூடான விண்மீன்கள் மட்டும் எழுந்து நிற்கும். என்ஜிசி 5466 கொத்தில் ஒரு நீலப் பின்தங்கியின் பக்கத்தில், பொருளைக் கொடுத்துத் தேய்ந்த வெள்ளைக் குள்ளன் இருப்பதை இந்திய ஆய்வாளர் அதன் மூலம் கண்டனர். கொடுத்தவரும் வாங்கியவரும் அங்கே சேர்ந்தே அகப்பட்டார்கள்.

ஒமேகா சென்டாரி இந்த வழக்குகளுக்கு அடங்குவதில்லை. அதன் விண்மீன்களில் இரும்பின் அளவு ஒன்றுக்கொன்று வெகுவாக மாறுபடுகிறது. ஒரே சமயத்தில் பிறந்திருந்தால் அப்படி இருக்காது. பலமுறை, நெடுங்கால இடைவெளிகளில், விண்மீன்கள் அங்கே பிறந்திருக்கவேண்டும். அது ஒரு சிறு விண்மீன் மண்டலத்தின் எஞ்சிய நடுப்பகுதி, மற்றதைப் பால்வீதி விழுங்கிவிட்டது என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். கைவசம் நேரடி உதாரணமும் உண்டு. மெஸ்ஸியே 1778-ல் கண்ட எம்54, தனுசுக் குறுமண்டலத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பது 1994-ல் அந்தக் குறுமண்டலமே கண்டுபிடிக்கப்பட்டபோது தெரியவந்தது. அந்தக் குறுமண்டலத்தைப் பால்வீதி இப்போதும் பிய்த்துக்கொண்டிருக்கிறது.

ஒமேகா சென்டாரி உண்மையிலேயே ஒரு மண்டலத்தின் நடுவாக இருந்தால் அங்கே கருந்துளை ஒன்று இருக்கவேண்டும். ஹபிள் தன் கருவிகளைச் சரிபார்த்துக்கொள்வதற்காக இந்தக் கொத்தை இருபது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் படமெடுத்துவந்தது. ஹைடல்பெர்க்கின் மாக்ஸ் பிளாங்க் வானியல் நிறுவனத்தைச் சேர்ந்த மாக்ஸிமிலியன் ஹேபர்லேயும் குழுவினரும் அப்படிச் சேர்ந்த 500-க்கும் மேற்பட்ட படங்களை எடுத்துவைத்து, 14 லட்சம் விண்மீன்கள் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தன என்று அளந்தார்கள். நட்டநடுவில் ஏழு விண்மீன்கள் மட்டும் அந்தக் கொத்தின் ஈர்ப்புக்கு அடங்காத வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அந்த வேகத்துக்கு அவை எப்போதோ வெளியே பறந்திருக்கவேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று பிடித்துவைத்திருக்கிறது, அதன் எடை குறைந்தது 8,200 சூரியன் என்று 2024 ஜூலையில் அறிவித்தார்கள். விண்மீன் அளவுக் கருந்துளைகளுக்கும் மண்டல நடுவின் பெருங்கருந்துளைகளுக்கும் இடைப்பட்ட அளவு இது. மற்றவர் இதை இன்னும் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். என்னை ஈர்ப்பது அந்தப் படங்களின் கதை: கருந்துளை தேடி எடுக்கப்படாத படங்கள், பொறுமையாகச் சேர்த்துவைக்கப்பட்டதால் கருந்துளையின் தடயமாயின.

மற்றக் கொத்துகளும் நினைத்த அளவு எளியவை இல்லை என்று கடந்த இருபது ஆண்டுகளில் தெரிந்திருக்கிறது. ஏறக்குறைய எல்லாப் பழைய கொத்துகளிலும் சோடியம் கூடி ஆக்சிஜன் குறைந்த விண்மீன்கள் ஒரு பிரிவாகக் கலந்திருக்கின்றன. என்ஜிசி 2808-இல் மூன்று தனித்தனி வரிசைகளே தெரிந்தன. ஒரே மேகம், ஒரே பிறப்பு என்று வயதுக் கணக்குக்கு நாம் வைத்த எடுகோள் அந்த அளவுக்கு நேரானதல்ல. வயது இதனால் பெரிதாக மாறிவிடாது, ஆனால் இந்த இரண்டாம் பிரிவு எப்படி வந்தது என்பதற்கு எல்லாரும் ஒப்பும் விளக்கம் இன்றுவரை இல்லை.

அதற்கான விடை அவற்றின் பிறப்பைப் பார்த்தால் கிடைக்கலாம். 2024-ல் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தின் ஆஞ்சலா அடாமோவும் குழுவினரும் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியால் அதையே பார்த்தார்கள். பெருவெடிப்புக்குப் பின் 46 கோடி ஆண்டில் இருந்த குட்டி மண்டலம் ஒன்றின் ஒளியை, குறுக்கே நிற்கும் மண்டலக் கூட்டம் ஒன்று ஈர்ப்பால் வளைத்துப் பெரிதாக்கிக் காட்டியது. அந்த ஒளிவில்லில் ஐந்து விண்மீன் கொத்துகள் மணிகளாகத் தெரிந்தன. ஒவ்வொன்றும் சில ஒளியாண்டு அகலமே உடையது, உள்ளேயோ பத்து லட்சம் சூரியன்களின் எடை. கோளக் கொத்து குழந்தையாக இருந்தால் எப்படி இருக்கும் என்று எதிர்பார்த்தோமோ அப்படியே.

பிறந்தவை எல்லாம் பிழைப்பதில்லை. பாம்பு விண்மீன் குழுவில் உள்ள பாலோமர் 5 என்ற நலிந்த கொத்திலிருந்து இரு பக்கமும் விண்மீன்கள் நீண்ட வாலாக உருவப்பட்டுச் செல்வதை 2001 வாக்கில் கண்டார்கள். பால்வீதியின் ஈர்ப்பு அதை இழை இழையாகப் பிரிக்கிறது. அதன் நடுவில் நூற்றுக்கும் மேற்பட்ட கருந்துளைகள் சேர்ந்திருக்கவேண்டும், அவைதான் உள்ளிருந்து விண்மீன்களை வெளியே தள்ளுகின்றன என்று 2021-ல் மார்க் கீல்ஸும் குழுவினரும் கணினிக் கணக்கில் காட்டினார்கள். இன்னும் சுமார் 100 கோடி ஆண்டில் கொத்து முழுதும் கலைந்துவிடும். கலையும் முன் கடைசிக் காலத்தில் அதில் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் கருந்துளைகளாகவே இருக்கும். அதிலிருந்து பிரிந்த விண்மீன்கள் பால்வீதியின் வெளிப்புறத்தில் மற்ற விண்மீன்களோடு கலந்து ஓடிக்கொண்டிருக்கும். இப்படிப் பிரிந்த கொத்துகளின் விண்மீன் ஓடைகளைப் பால்வீதியில் கையா செயற்கைக்கோளின் அளவீடுகளிலிருந்து ஆய்வாளர் ஒவ்வொன்றாக இப்போது பிரித்தெடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.